தூண் இல்லாத கட்டில்

பூன் லே
சிங்கப்பூர்
26 அக்டோபர் 2025

சம்பந்தியம்மா பூவம்மா அவர்களுக்குத் தங்கம் எழுதுவது.

வீட்டில் எல்லாரும் நலமா? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணம் பேசினபடி தை மாதம் நடக்கட்டும். பதிவுத் திருமணம் செய்த பிள்ளைகள், தெம்பனிஸில் அவர்கள் வாங்கிய வீட்டுச் சாவியும் கைக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஆடி மாதம் கண்ணை மூடிவிட்டார் என்பதற்காக அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? தாரை வார்க்க என் தம்பி வெங்கட்டும் அவன் மனைவியும் நிற்பார்கள். நான் மண்டபத்துக்கு வரவில்லை. மகள் வைஷாலியிடம் சொல்லிவிட்டேன். அழுகிறாள். என்ன செய்வது.

அடுத்தது கட்டில். சீர்க் கட்டில் பெண் வீட்டார் கொடுப்பது. பிள்ளைகள் இரண்டு பேரும் புதுசு வேண்டாம், பழைய காலத்துக் கட்டில்தான் வேண்டும் என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மகன் ஏற்கெனவே கோப்பிக்கடையில் போடுகிற மாதிரி பளிங்குக் கல் வைத்த வட்ட மேசை ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். நான் போனால், "அத்தை, உட்காருங்க. கோப்பி ஓவா, கோப்பி சியா? பால் வேணாமா, வேணுமா?" என்கிறார். "கோப்பிக்கடை வைக்கவா மாப்பிள்ளை இவ்வளவு படிச்சீங்க?" என்று கேட்டேன்.

அப்புறம் வைஷாலி என்னைத் தேக்கா பக்கத்துச் சந்தில் அன்வர் என்பவரின் பழைய சாமான் கடைக்கு அழைத்துப்போனாள். அங்கே போன பிறகுதான் பழசிலும் பொய் உண்டு என்று தெரிந்தது. ஒரு மேசையின் லாச்சியை வெளியே இழுத்துப் பின்பக்கம் பார்க்கச் சொன்னார். முன்னால் கன்னங்கரேல் என்று மின்னுகிறது, பின்னால் வெள்ளைப் பலகை. "இது நேத்துப் பொறந்துட்டு இன்னிக்குக் கிழவி வேஷம் போடுதுக்கா. கடை ஜோடனைக்கு எடுத்துட்டுப் போவாங்க. வீட்டுக்கு வேணாம்," என்றார். அந்தக் கடையில்தான் அந்தத் தேக்குக் கட்டில் இருந்தது. பூச்சித் தூள் இல்லை, உலுக்கினால் சத்தம் இல்லை. பிள்ளைக்கும் பிடித்தது, எனக்கும் பிடித்தது.

மாப்பிள்ளை அதன் படத்தை உங்களுக்கு அனுப்பினார். நீங்கள் எனக்குப் போன் போட்டீர்கள். போட்டு அந்த வார்த்தையைச் சொன்னீர்கள். புருஷனைப் பறிகொடுத்தவளைப் பார்த்துச் சொல்லக் கூடாத வார்த்தை. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நான் அந்தக் கட்டிலில் படுத்தேன் என்று யார் உங்களிடம் சொன்னார்களோ தெரியாது. சொன்னவர்கள் நல்லா இருக்கட்டும்.

கட்டில் வேண்டாம் என்று அன்வரிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்குப் பிடித்த புதுக் கட்டிலைச் சொல்லுங்கள், வெங்கட் வாங்கிக் கொடுப்பான். என் கை படாது.

தங்கம்

*

புக்கிட் பாஞ்சாங்
31 அக்டோபர் 2025

சம்பந்தி,

உங்கள் கடிதத்தை நான் ஒரு முறை படித்தேன், என் வீட்டுக்காரர் ஒரு முறை படித்தார். இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. "என்னடி சொல்லித் தொலைச்சே?" என்று அவர் என்னைக் கேட்கிறார். நான் யாரைப் போய்க் கேட்பது?

உங்களுக்குக் குறை இருந்தால் எனக்கும் இருக்கிறது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தீர்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தீபாவளிக்கு முதல் வாரம் பூன் லேக்கே வந்தேன். துக்க வீடு, பலகாரம் கொண்டுவரக் கூடாது என்று வெறும் பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே டிவி சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வெளியே வந்து என்னைப் பாவமாகப் பார்த்தார். பழத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, இந்த முட்டி வலியோடு திரும்பிப் போனேன். இதை என் மகன் நிதீஷிடம்கூட நான் சொல்லவில்லை.

நீங்கள் அந்தக் கட்டிலில் படுத்தீர்களா, உட்கார்ந்தீர்களா, எனக்கு எப்படித் தெரியும்? யாரும் எதுவும் சொல்லவில்லை. பழைய சாமான் பிடிக்காதவளும் இல்லை நான். படத்தில் கட்டிலைப் பார்த்தேன், கண்ணில் பட்டதைச் சொன்னேன். அவ்வளவுதான். அதில் உங்களைச் சுட்டது எது?

அந்த வார்த்தை என்ன என்று எழுதுங்கள். கை வரவில்லை என்றால் வர வையுங்கள். என்ன குற்றம் என்று தெரியாமல் என்னால் தண்டனை அனுபவிக்க முடியாது.

பூவம்மா

*

பூன் லே
5 நவம்பர் 2025

சம்பந்தியம்மா,

பழம் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது. அன்றைக்கு உள்ளேதான் இருந்தேன். யார் என்று எட்டிப் பார்த்தேன், உங்கள் செருப்பைப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

நீங்களே கேட்டதால் எழுதுகிறேன். முதலில் நான் படுத்த கதையைச் சொல்கிறேன், வேறு வாயிலிருந்து நீங்கள் கேட்க வேண்டாம்.

அவர் போனதிலிருந்து எங்கள் அறைக் கட்டிலில் நான் படுக்கவில்லை. கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறேன். படுக்கிறேன் என்றுதான் பேர். கண் மூடாது. காலையில் பள்ளிக்கூடக் கேண்டீனுக்குப் போய்த் தட்டுக் கழுவும்போது நின்றபடியே தலை சாயும். அன்றைக்கு வைஷாலியை அன்வர் கடை மாடிக்கு நாற்காலி பார்க்க அனுப்பிவிட்டு, கட்டிலோரம் நின்றேன். "கட்டிலக் கண்ணால பாத்து வாங்கக் கூடாதுக்கா. படுத்துப் பாருங்க," என்றார் அவர். வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் படுக்கப்போவது, அசையுமா என்று பார்க்கலாம் என்று சாய்ந்தேன்.

கண் விழித்தபோது தெருவில் தீபாவளி விளக்கு எரிகிறது. வைஷாலி என் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கட்டில் தலைமாட்டில் 'விற்றாகிவிட்டது' என்று ஓர் அட்டை தொங்குகிறது. "ஆளுங்க வந்து தட்டிப் பாத்தா அக்கா முழிச்சிடுவீங்கன்னுதான் மாட்டினேன். அதுக்காக வாங்கியே ஆகணும்னு இல்ல லா," என்றார் அன்வர். அந்தத் தூக்கம் எனக்கு எத்தனை மாதத்துக்குப் பிறகு வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. என்னையே தூங்க வைத்த கட்டில், பிள்ளைகளுக்கும் நல்லது செய்யும் என்று நினைத்தேன். அதனால்தான் ஆசைப்பட்டேன்.

நீங்கள் போன் போட்டபோது நான் கேண்டீன் பின்பக்கம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே சத்தம். அதிலும் நீங்கள் சொன்னது கேட்டது. "அறுத்தவ கட்டில் வேணாம் சம்பந்தி, நல்ல காரியத்துக்கு ஆகாது." இப்படித்தான் சொன்னீர்கள்.

தாலியைக் கழற்றின பிறகு எனக்கு அந்தப் பேர் உண்டு என்று தெரியும். யாராவது ஒரு நாள் சொல்வார்கள் என்றும் தெரியும். நீங்கள் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை. சொன்னது நியாயமோ என்றுகூடத் தோன்றியது, கல்யாணக் கட்டிலில் நான் படுத்திருக்கக் கூடாதுதான். அதனால்தான் ஒதுங்கிக்கொண்டேன்.

எழுதிவிட்டேன். போதும்.

தங்கம்

*

புக்கிட் பாஞ்சாங்
10 நவம்பர் 2025

சம்பந்தி,

ஐயோ சம்பந்தி.

நான் அறுத்தவ என்று சொல்லவில்லை. அறுத்த கட்டில் என்றேன். அறுத்த. ரம்பம் வைத்து அறுத்த. நடுவில் 'வ' கிடையாது. அந்த 'வ' உங்கள் தட்டும் தண்ணீரும் போட்ட 'வ'.

படத்தை நன்றாகப் பாருங்கள். நான்கு மூலையிலும் கால் கட்டில் சட்டத்துக்கு மேலே ஒரு சாண் வந்து மொட்டையாக நிற்கும். அது தூண் வைத்த கட்டில். நான்கு தூணும் ஆள் உயரத்துக்கு மேலே போகும், அதில்தான் கொசுவலை கட்டுவார்கள். யாரோ தூணை அறுத்திருக்கிறார்கள். கடைக்காரர் உங்களை ஏமாற்றிவிட்டாரோ என்று பதறித்தான் போன் போட்டேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த மாதிரிக் கட்டிலுக்குக் கீழேதான் நான் வளர்ந்தேன். என் அம்மா செம்பவாங்கில் வெள்ளைக்காரர் பங்களாவில் ஆயா வேலை பார்த்தார். பின்பக்கம் வேலைக்காரர் அறையில் இருந்தோம். அம்மா தூணைத் துடைப்பார், நான் வலையின் நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் அப்பா நான் பிறந்த வருடமே செத்துப்போனார். குழாயடியில் எனக்குப் பேரே கிடையாது. "ஏ அறுத்தவ மகளே, வாளிய எடு." அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மா கேட்டும் கேட்காத மாதிரி வரிசையில் நிற்பார். அந்த வார்த்தையை எடுத்து நான் உங்களை அடிப்பேனா? அது என் மேல் பட்ட கல் சம்பந்தி.

கடிதம் வந்த மறுநாளே வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு தேக்காவுக்குப் போனேன். கட்டிலை வெளியே எடுக்க வழிவிட்டுச் சுற்றியிருந்த நாற்காலிகளை அன்வர் நகர்த்தி வைத்திருந்தார். "யாருக்கு?" என்றேன். காப்பிக் கடை நடத்தும் ஒரு பையன் அதை வாசலில் பெஞ்சாகப் போடக் கேட்கிறானாம், பார்க்க வந்துகொண்டிருக்கிறானாம். நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, அது பேசி முடிஞ்ச மாதிரி..."

"எங்க அட்டை? விற்றாகிவிட்டதுன்னு ஒரு அட்டை இருக்காமே, அத எடுத்துட்டு வாங்க."

"அது வேற ஒரு அக்காவுக்காக மாட்டினது."

"அந்த அக்காவோட சம்பந்திதான் நான். மாட்டுங்க."

மாட்டினார். நான் கொஞ்சம் சாய்ந்தும் பார்த்தேன். தூங்கவில்லை. என் வீட்டுக்காரர் நான் குறட்டை விட்டதாகச் சொல்கிறார், அதை நம்பாதீர்கள்.

அன்வர் ஏமாற்றவில்லை. ஏற்கெனவே அறுத்துத்தான் அவரிடம் வந்ததாம். முன்பு வைத்திருந்தவர்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது அறுத்திருக்கிறார்கள். துண்டுகளையும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டை அவர் விளக்குத் தண்டாக்கிக் கடையில் நிறுத்தியிருக்கிறார், மற்ற இரண்டும் மூலையில் கிடக்கின்றன. விளக்கைக் கழற்றிவிட்டு நான்கையும் மறுபடி ஒட்டிப் பித்தளைப் பூண் போட்டுத் தரலாம் என்கிறார். போடச் சொல்லிவிடவா? குறை தெரியாது. நல்ல காரியத்துக்கு முழுசாகக் கொடுக்கலாம்.

மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

பூவம்மா

*

பூன் லே
17 நவம்பர் 2025

சம்பந்தியம்மா,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். வைஷாலி பயந்துபோய், "அம்மா, என்னாச்சு? அத்தை திட்டிட்டாங்களா?" என்றாள். "இல்லடி, ஒரு எழுத்து திட்டிடுச்சு," என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டேன். வாளியோடு வரிசையில் நின்றவர். அன்றைக்குக் கதவைத் திறக்காமல் இருந்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

இனி ஒன்று சொல்லப்போகிறேன். கோபப்படக் கூடாது.

நீங்கள் என்னைச் சொல்லவில்லை, மரத்தைத்தான் சொன்னீர்கள். நம்புகிறேன். ஆனால் மரத்தைச் சொன்னாலும் என்ன சொன்னீர்கள்? அறுத்தது நல்ல காரியத்துக்கு ஆகாது என்றுதானே. இப்போதும் பூண் போட்டு மறைத்துத்தான் கொடுக்கலாம் என்கிறீர்கள். அந்த இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது.

தூணை ஒட்ட வேண்டாம்.

நான் படுத்தபோது அதில் தூண் இல்லை. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தூணை அறுத்தவர்கள் சட்டத்தை அறுக்கவில்லை, பலகையை அறுக்கவில்லை. கட்டில் தாங்குகிறது. அறுத்த தலை நான்கும் கையில் குத்தாமல் இழைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தால் போதும். அதுவும் ஒளித்து வைக்க இல்லை, சேலை மாட்டிக் கிழியாமல் இருக்க.

விளக்கு இரண்டும் விளக்காகவே இருக்கட்டும். வேறு வேலை கிடைத்து அது நன்றாகத்தானே நிற்கிறது. அதையும் ஏன் பழையபடி இழுக்க வேண்டும்?

இப்படிக் கொடுப்பது உங்களுக்குச் சம்மதம் என்றால் சீர்க் கட்டிலை நானே கொடுக்கிறேன், மண்டபத்துக்கும் வருகிறேன். சம்மதம் இல்லை என்றால் வெங்கட் புதுசு வாங்கட்டும், நான் வரவில்லை. எனக்கு இரண்டு மாதிரி பேசத் தெரியாது.

தங்கம்

*

புக்கிட் பாஞ்சாங்
9 டிசம்பர் 2025

சம்பந்தி,

பதில் தாமதமானதற்குக் காரணம் முட்டி இல்லை, மூளை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் சமையலில் உப்புக் கூடிப்போனது என்று வீட்டில் புகார். "உன்ன எதுத்து இப்படி யாரும் கேட்டதில்ல, அதான் உனக்கு எரியுது," என்றார் என் வீட்டுக்காரர். பிறகு யோசித்தேன். என் அம்மா என் கல்யாணத்தன்று மண்டபத்தின் பின்பக்கம் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார். இலை போட ஆள் வேண்டும் என்று போனார், தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. நானும் கூப்பிடவில்லை. அப்போது அது எனக்கு வழக்கமாகத்தான் தெரிந்தது.

வாயால் அந்த வார்த்தையைச் சொல்லாதவள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்த எண்ணம் மட்டும் எனக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

சரி. நீங்கள் சொன்னபடியே. தூண் வேண்டாம்.

போன சனிக்கிழமை அன்வர் ஆள் வைத்துக் கட்டிலைத் தெம்பனிஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டிவிட்டார். வேலையை முடித்துவிட்டே உங்களுக்கு எழுதலாம் என்று பிள்ளைகளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்; பணம் உங்கள் சீர்க் கணக்கில்தான். மின்தூக்கியில் நுழையாமல் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித்தான் ஏற்றினார்கள். பூட்டி முடித்ததும் நிதீஷ் மேலே பார்த்துவிட்டுச் சிரித்தான். அவர்கள் அறையில் காற்றாடி எவ்வளவு தாழ்வாக இருக்கிறது தெரியுமா? தூண் ஒட்டியிருந்தால் முதல் நாளே தட்டியிருக்கும். "அம்மா, தங்கம் அத்தை உங்களக் காப்பாத்திட்டாங்க," என்கிறான். உங்களிடம் தோற்றதைவிட அந்தக் காற்றாடியிடம் தோற்றதுதான் எனக்கு வலிக்கிறது.

விளக்கு இரண்டையும் அன்வரிடம் பேசி நான் எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பங்காக இருக்கட்டும். தலைமாட்டில் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தோம். போட்டதும் அந்தத் தேக்கு தேன் மாதிரி ஆகிவிட்டது. வைஷாலி மரத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

மெத்தை போட்டாயிற்று. விரிப்பு விரிக்கவில்லை. முதல் விரிப்பை வழக்கமாகச் சுமங்கலிதான் விரிப்பார்கள். இந்த வீட்டில் நீங்கள்தான் விரிக்கப்போகிறீர்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் வாருங்கள். என் நாத்தனார் ஒருத்தி வாயைத் திறப்பாள். திறந்தால் நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். நான் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அன்வரைக் கேளுங்கள்.

வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வராதீர்கள். பச்சை உங்களுக்கு எடுக்கும். பதிவுத் திருமணத்தன்று கட்டியிருந்தீர்களே, அந்தப் பச்சை.

பூவம்மா

*

பூன் லே
4 ஜனவரி 2026

அன்புள்ள சம்பந்திக்கு,

வருகிறேன். விரிப்பும் நானே வாங்கிவிட்டேன். பூப்போட்டது. வைஷாலிக்குப் பூப்போட்டது பிடிக்காது, ஒரே நிறமாக வேண்டும் என்பாள். ஒரு நாளைக்குப் பொறுத்துக்கொள்ளட்டும்.

நேற்று பிள்ளைகளோடு தெம்பனிஸ் போய்க் கட்டிலைப் பார்த்தேன். அறுத்த தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சந்தனக் கல் மாதிரி வழவழவென்று இருக்கிறது. மாப்பிள்ளை கோப்பிக்கடை மேசையில் உட்கார வைத்து, "அத்தை, படுத்துப் பாக்கலியா?" என்று கேலி பண்ணினார். "நான் படுத்துப் பாத்து முடிச்சாச்சு மாப்பிள்ளை. இனிமே உங்க பாடு," என்றேன். கோப்பி மட்டும் நன்றாகப் போடுகிறார். கடையே வைக்கலாம்.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கட்டும். அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒன்று கேட்கத் தோன்றியது, ஆனால் அவர் எந்தக் கல்யாணத்திலும் உட்கார்ந்ததில்லை. பந்தி எப்போது என்று பார்த்துக்கொண்டு வாசலில்தான் நிற்பார்.

நம் சண்டை தீர்ந்துவிட்டது, இனிமேல் போனில் பேசலாமே என்கிறாள் வைஷாலி. வேண்டாம். முக்கியமான சங்கதி என்றால் எழுதுங்கள். போனில் நீங்கள் சொல்லாத எழுத்தெல்லாம் எனக்குக் கேட்கிறது.

இன்னொரு விஷயம். இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் துணியெல்லாம் துவைத்து ஜன்னலுக்கு வெளியே கம்பில் காயப்போட்டுவிட்டு, கூடத்துப் பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். எங்கள் அறைக்குப் போய்க் கட்டிலில் புதுசாக விரித்தேன். நடுவில் படுக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. என் பக்கத்திலேயே படுத்தேன். அவர் பக்கம் அப்படியே இருந்தது. இருக்கட்டும் என்று கண்ணை மூடினேன்.

எழுந்து பார்த்தால் மழை பெய்து விட்டிருக்கிறது. இடி இடித்திருக்கும்போல, எனக்குக் கேட்கவே இல்லை. கம்பில் இருந்த துணி முழுக்க நனைந்து சொட்டுகிறது. அந்தப் பச்சைச் சேலையின் ரவிக்கையும் அதில்தான் இருந்தது. பிழிந்து மறுபடி போட்டிருக்கிறேன்.

காய்ந்துவிடும். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

தங்கம்